உழாமல் விட்ட மேடு

ஆர்டித் கூபிக் எதையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவாள். பேனாவைக் கையில் எடுப்பதென்றால் அந்தச் செய்திக்கு இரண்டு சாட்சிகளாவது வேண்டும். அவையும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவையாக இருக்கக் கூடாது. நெப்ராஸ்கா மாநிலத்துப் பிராக்டர் ஊரின் வமிசாவளிச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் இதுதான். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிற ஒன்பது பேர். அவர்களில் மூன்று பேர் காப்பிக்காக வருகிறவர்கள்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. ஓய்வு பெறும்வரை ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரி ஏறி நின்றதும் எடையைக் குறிப்பாள். ஒரு கை மக்காச்சோளத்தை எடுத்து அதன் ஈரத்தை அளப்பாள்; ஈரம் கூடினால் விலை குறையும். கருவி பதினைந்தரை சதவீதம் என்று காட்டினால் அது பதினைந்தரைதான். கொண்டுவந்தவர் போதகரானாலும் சரி, சொந்தச் சித்தப்பா ஆனாலும் சரி, அது பதினைந்தாகக் குறையாது. இதனால் அவளுக்குக் கொஞ்சம் பகையும் நிறைய மதிப்பும் சேர்ந்திருந்தன. அந்த வட்டாரத்தில் ஏதாவது ஒரு விஷயத்தில் வாக்குவாதம் முற்றும்போது, "ஆர்டித் அப்படிச் சொன்னாளா?" என்று யாராவது கேட்பார்கள். சொன்னாள் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கணவன் மைலோ விதை வியாபாரி. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. வாயைத் திறந்தால் கேலிதான். மனைவி மூதாதையரைத் தேடி மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறைக்குப் போகும்போதெல்லாம் அவன் சொல்வது ஒன்றே: "எங்க ஆளுங்க டிக்கெட் வாங்கி ரயில்ல வந்து இறங்கினாங்க. தேடறதுக்கு ஒண்ணுமே வைக்கல, புண்ணியவானுங்க."

அவள் தேடியது அப்சலோம் ஹார்ட்சாக் என்பவனை. அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை. நெப்ராஸ்காவில், மிடில் லூப் ஆற்றுக்கு வடக்கே, அந்தப் பக்கத்துப் புல்வெளியில் முதலில் ஏர் இறக்கியவர்களில் ஒருவன். அங்கே வாழ்ந்த பானி பழங்குடி மக்களைத் தெற்கே அனுப்பிவிட்டு அந்த நிலத்தை வந்தவர்களுக்கெல்லாம் அரசாங்கம் அளந்து கொடுத்த வருஷங்கள் அவை. அப்சலோம் எழுதப் படிக்கத் தெரியாதவன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். எங்கிருந்து புறப்பட்டு எங்கெங்கே தங்கினான் என்று அவன் எங்கும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் அவனுடைய குழந்தைகள் பிறந்த இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதை தானாகத் தெரிந்துவிடும். ஒகையோவில் பிறந்த பெர்மீலியாவை இண்டியானாவில் மணந்தான். மூத்தவள் லூசிண்டாவும் அடுத்தவன் ஹார்லனும் இண்டியானாவில் பிறந்தார்கள். கடைக்குட்டி ஆசா அயோவாவில் பிறந்தான். 1873ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கித்தான் கூரை போட்ட மாட்டு வண்டி நெப்ராஸ்காவுக்கு வந்து சேர்ந்தது. ஆர்டித்தின் கொள்ளுத்தாத்தா அந்த ஆசாதான். தாயின் மடியில் உட்கார்ந்து வண்டியில் வந்தவர். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

கதை மட்டுமல்ல, அதற்கு ஒரு பட்டு நாடாவும் இருந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடக்கும் முதல் குடியேறிகள் விழாவில், ரயில் பாதை வருவதற்கு முன்பு வண்டியில் வந்தவர்களுக்கு மட்டும் நீல நாடா குத்துவார்கள். பின்னால் ரயிலில் வந்தவன் எவ்வளவு பெரிய பண்ணைக்காரனாக இருந்தாலும் வெறுஞ்சட்டையோடுதான் நிற்க வேண்டும். ஆசா தன் எண்பதுகள்வரை அந்த நாடாவை ஒரு வருஷம்கூட விடாமல் குத்திக்கொண்டார். அவர் கல்லறையில் 1869–1951 என்று பொறித்திருக்கிறது. நாடா, பெயரை எழுதிய அட்டையோடு, சித்தப்பா மகன் கிர்பியின் சமையலறையில், குளிர்பெட்டிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

காகிதங்களில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், அயோவாவில், ஆசா ஒரு வயதுக் குழந்தை. பத்து வருஷம் கழித்து நெப்ராஸ்காக் கணக்கில் அவனுக்கு ஆறு வயதுதான் ஆகியிருக்கிறது; பிறந்த இடமும் நெப்ராஸ்கா என்று மாறியிருக்கிறது. 1900ஆம் ஆண்டுக் கணக்கில் பிறந்த மாதத்தையும் கேட்டார்கள். அதில் 1874 மார்ச் என்று இருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பார்த்து வமிசாவளிக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் ஆளில்லை என்றால் பக்கத்து வயல்காரனைக் கேட்டு எழுதிக்கொண்டு போன காலம் அது. ஆர்டித்தும் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: "ஆண்களும் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் போலிருக்கிறது."

பென்சிலில் நின்றுபோன வரி இன்னொன்றும் இருந்தது. பெர்மீலியா எங்கே அடக்கம் செய்யப்பட்டாள் என்ற வரி.

தெற்குத் துண்டு என்று அவர்கள் சொல்லும் வயலுக்குள் ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் ஒரு லைலாக் புதர். ஹார்ட்சாக் வீட்டார் ஐந்து தலைமுறையாக அந்த மேட்டைச் சுற்றித்தான் உழுதிருக்கிறார்கள். பெர்மீலியா அங்கே இருக்கிறாள் என்பது பேச்சு. மரப்பலகை ஒன்று நட்டிருந்ததாகவும் புல்வெளித் தீயில் அது எரிந்துபோனதாகவும் சொல்வார்கள். 1880ஆம் ஆண்டுக் கணக்கில் அவள் உயிரோடு இருக்கிறாள். மறு வருஷம் அப்சலோம் இறந்தான். 1885இல் மாநிலம் எடுத்த கணக்கில் வீட்டுத் தலைவன் ஹார்லன். கூட இருப்பவன் தம்பி ஆசா மட்டும். பெர்மீலியாவின் பெயர் இல்லை. ஆக, பேச்சும் காகிதமும் முட்டிக்கொள்ளவில்லை. இருந்தாலும் சாட்சி இல்லை.

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும், இறந்தவர்களை நினைக்கும் நாளில், ஆர்டித் ஒரு காலிக் காப்பி டின்னுக்கு வெள்ளித்தாள் சுற்றி, அதில் பியோனி, ஐரிஸ் பூக்களை நிரப்பி, மேட்டுக்குக் கொண்டுபோய் வைப்பாள். அந்தத் தெற்குத் துண்டு ஒருகாலத்தில் அவள் அப்பாவுடையது. 1985இல் வங்கி கடனுக்காக அதை எடுத்துக்கொண்டது; ஏலத்தில் சித்தப்பா வாங்கினார்; இப்போது கிர்பியிடம் இருக்கிறது. ஏலம் நடந்த அன்று அப்பா வெளியே நின்று வேலிக் கம்பத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். கிர்பியின்மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் யாரையும் கேட்காமல் அவள் கால்வைக்கக்கூடிய ஹார்ட்சாக் நிலம் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த மேடு ஒன்றுதான்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் கிர்பி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான். அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டால் ஏதோ கனமான விஷயம் என்று அர்த்தம். மைலோ அவன்முன் கொடிமுந்திரி வைத்த கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டித் தட்டைத் தள்ளினான். கிர்பி எடுக்கவில்லை.

தெற்குத் துண்டில் பிவட் போடப்போவதாக அவன் சொன்னான். வயலின் நடுவில் ஒரு முனை, அதிலிருந்து சக்கரங்கள்மேல் நீளும் இரும்புக் குழாய், கடிகார முள்போலச் சுற்றிவந்து தண்ணீர் தெளிக்கும். பக்கத்து வயல்களிலெல்லாம் வந்துவிட்டது. சக்கரம் போகிற வழியில் மேடு குறுக்கே நிற்கிறது; சரிவில் ஏறாது. மேட்டைச் சீவித் தரைமட்டமாக்க வேண்டும், புதரையும் பிடுங்க வேண்டும். குழாயை அந்த இடம்வரை வந்து நின்று, வந்த வழியே திரும்பும்படியும் வைக்கலாம். அப்படி வைத்தால் கேக்கில் வெட்டிய துண்டுபோல ஒரு பகுதி என்றைக்கும் காய்ந்தே கிடக்கும்.

"யாராவது அங்க இருக்காங்கன்னா நான் கை வைக்கமாட்டேன், ஆர்டித்," என்றான். "ஆனா யாரைக் கேட்டாலும், கேள்விப்பட்டேன், எங்கப்பா சொன்னாரு, இப்படித்தான் சொல்றாங்க. எனக்குக் காகிதமெல்லாம் வேண்டாம். பெர்மீலியா அங்கதான் இருக்கான்னு நீ உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. போதும். குழாயை நிறுத்தித் திருப்பிடறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் வாய் திறந்தும்விட்டாள். ஆனால் அந்த வரி பென்சிலில் இருந்தது.

"விதைக்கறதுக்கு முன்னாடி சொல்றேன்," என்றாள்.

கிர்பி போன பிறகு மைலோ ஒரு கோலாச்சியை எடுத்துக் கடித்தான். "அவன் ரொட்டியைத் தட்டுல வச்சுட்டுப் போறான்," என்றான், "நீ கோதுமை எந்த வயல்ல விளைஞ்சதுன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

"நான் சொன்னா அவன் நம்பிடுவான் மைலோ. அதான் பிரச்சினை."

ஆர்டித் தேடத் தொடங்கினாள். நேர்வழிகளெல்லாம் வருஷக்கணக்கில் மிதித்து ஓய்ந்தவை. மிச்சம் இருந்தது பக்கவழி ஒன்றுதான். மேற்கே போனவர்கள் தனியாகப் போனதில்லை. அக்கம்பக்கத்தாரோடு கூட்டமாகப் போனார்கள். உன் ஆள் காணாமல் போனால் அவனுடைய அண்டைவீட்டுக்காரனைப் பின்தொடர் என்று சங்கத்தில் அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஹார்ட்சாக் குடும்பத்துக்கு அப்படி ஓர் அண்டைவீடு உண்டு: கோபிள் குடும்பம். இண்டியானாவில் பக்கத்து வயல், அயோவாவில் இரண்டு வீடு தள்ளி, நெப்ராஸ்காவில் ஓடைக்கு அக்கரை. அப்சலோம் தன் நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதான் என்று அரசாங்கத்திடம் சாட்சி சொன்னவன் ஜெஸ்ஸி கோபிள்தான். ஜெஸ்ஸி 1883இல் தன் பங்கை விற்றுவிட்டு ஓரிகனுக்குப் போய்விட்டான். ஒன்றாகவே வந்தவர்கள், பெர்மீலியாவை அடக்கம் செய்தபோது அந்தக் குடும்பமும் நின்றிருக்கும், அதைப் பற்றி அவர்கள் எங்கேயாவது ஒரு சொல் விட்டுப்போயிருப்பார்கள். இந்த நம்பிக்கையில்தான் ஓரிகனில் உள்ள ஒரு சங்கத்துக்கு அவள் எழுதினாள்.

ஏப்ரல் நடுவில் பதில் வந்தது. அங்கே கல்லறைகளைப் படமெடுக்கும் ஓர் அம்மாள் இரண்டு படங்களை அனுப்பியிருந்தாள். ஒன்று ஒரு கல்: பெர்மீலியா, ஜெஸ்ஸி கோபிளின் மனைவி, ஒகையோவில் பிறந்தவள், 1904இல் இறந்தவள். மற்றது அந்த ஊர்ச் செய்தித்தாளில் வந்த இறப்புச் செய்தி. முதல் கணவர் ஹார்ட்சாக் நெப்ராஸ்காவில் இறந்த பின் அம்மையார் மகள் லூசிண்டாவோடு இங்கு வந்தவர் என்றும், ஹார்லன், ஆசா என்ற இரு மகன்கள் நெப்ராஸ்காவில் இருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது.

கல் ஒரு சாட்சி, செய்தித்தாள் ஒரு சாட்சி. இத்தனை வருஷத் தேடலில் இவ்வளவு சுத்தமான விடை அவளுக்குக் கிடைத்ததில்லை. முதல் கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, பேனாவைத் தேடிப்போய், எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் மேடு நினைவுக்கு வந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். பெர்மீலியா சாகவில்லை, அண்டைவீட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு இன்னும் மேற்கே போய்விட்டாள். மகளை அழைத்துப்போனாள். கடைசி மகனை அவன் அண்ணனிடம் விட்டுப்போனாள். ஏன் என்று எந்தக் காகிதமும் சொல்லப்போவதில்லை. அந்தப் பையன் வளர்ந்து, கல்யாணம் செய்து, பேரன்களைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் மேட்டைக் காட்டியிருக்கிறான். அதைப் பொய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மதியம் அவள் எதையும் எழுதவில்லை.

மைலோவிடம் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை. ஓரிகன் ரொம்ப தூரம் என்றான். அந்த அம்மாள் கிர்பிக்குக் கடிதம் எழுதப்போவதில்லை; கிர்பியும் ஓரிகனுக்குப் போகப்போவதில்லை; இன்னும் பத்து நாள் பேசாமல் இருந்தால் மேடு பிழைத்துக்கொள்ளும். "நீ பொய் சொல்ல வேண்டாம். நல்லாத் தெரியலன்னு மட்டும் சொல்லு. அவனே விட்டுடுவான்."

"தெரியுமே எனக்கு."

"ஈரத்தை அரை புள்ளி குறைச்சு எழுதினா யாரு சாகப்போறா, ஆர்டித்?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகும் மனம் அங்கேயேதான் நின்றது. மேட்டைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது தன் சொல் ஒன்றுதான்; அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்ததே இப்படிப்பட்ட இடங்களில் வளையாததால்தான். அதைக் கொடுத்து மேட்டை வாங்கினால், மே மாதம் அந்த டின்னை யாருக்கென்று வைப்பது?

மறுநாள் காலை அவள் கிர்பியின் வண்டிக் கொட்டகைக்குப் போனாள். அவன் விதைப்பு எந்திரத்தின் அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பூட்ஸைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்ததால் அவன் வெளியே வரும்வரை காத்திருக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஓரிகன், கல், செய்தித்தாள், ஜெஸ்ஸி கோபிள். உள்ளே ஸ்பானர் திருகும் சத்தம் நின்றது. கிர்பி மெல்ல நகர்ந்து வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அந்தப் பாட்டி பக்கத்து வீட்டுக்காரனோட போயிட்டாளா?"

"அப்சலோம் செத்ததுக்கு அப்புறம்தான். முறையாக் கல்யாணம் பண்ணிக்கிட்டு."

"அப்ப மேடு காலியா?"

"அது எனக்குத் தெரியாது. பெர்மீலியா அங்க இல்ல. தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவன் அவளையே பார்த்தான். "இதை நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

கிர்பி துணியை எந்திரத்தின்மேல் போட்டான். அவனுக்கு இனித் தடையில்லை, மேட்டைச் சீவலாம். ஆனால் அவன் முகத்தில் நிம்மதி இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு டிராக்டரில் உட்கார்ந்து போனதைச் சொன்னான். மேட்டை நெருங்கும்போது அப்பா எதுவும் பேசமாட்டாராம். வண்டியை மட்டும் விலக்குவாராம். அவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது, சர்ச்சுக்குக்கூட அம்மாவின் தொல்லைக்காகப் போனவர். "சும்மா கிடக்கற மண்ணுக்காக எங்கப்பா ஸ்டீரிங்கைத் திருப்பமாட்டாரு," என்றான். "சனிக்கிழமை வா. மண் பரிசோதிக்கற கம்பி இருக்கு. சீவறதுக்கு முன்னாடி ஒரு தடவை குத்திப் பார்த்துடலாம்."

சனிக்கிழமை காற்று பலமாக வீசியது. மைலோவும் வந்திருந்தான். துணி மாட்டும் கம்பிகள் இரண்டை எல் வடிவத்தில் வளைத்துக் கையில் பிடித்திருந்தான். கல்லறைக்கு மேலே வந்தால் கம்பிகள் தாமாக ஒன்றையொன்று குறுக்கிடும் என்பது அந்தப் பக்கத்தில் பலரும் நம்புவது. கல்லறைத் தோட்டக் குழுக்களில்கூட அப்படித் தேடுகிறவர்கள் உண்டு. ஆர்டித் அதை நம்பாதவள். மைலோ கம்பிகளை முன்னே நீட்டி, சர்ச்சில் பீடத்தை நோக்கிப் போகிறவன்போல மெதுவாக அடியெடுத்து வைத்தான். கம்பிகள் முதலில் கிர்பியின் டிரக்குக்கு நேராகவும் அடுத்து அவனுடைய நாய்க்கு நேராகவும் குறுக்கிட்டன.

"நாயை எப்பப் புதைச்சீங்க கிர்பி?" என்று கேட்டான் மைலோ.

கிர்பியின் கம்பி நேர்மையானது: இடுப்பளவு எஃகு, மேலே குறுக்குப் பிடி. ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை வருஷம் ஆனாலும் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை. கம்பியை அழுத்தும் கை அதை உணர்ந்துவிடும். மேட்டின் கிழக்குச் சரிவில் கம்பி முழங்கை ஆழத்தில் முட்டி நின்றது. உச்சியிலும் அப்படியே. ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு அளந்து அளந்து குத்தியும் எங்கும் கெட்டித் தரைதான். கிர்பிக்கு வேர்த்தது. ஆர்டித் லைலாக் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதர் உச்சியில் இல்லை, கொஞ்சம் இறங்கி மேற்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கல் வாங்க வசதியில்லாதவர்கள் எதையாவது நட்டு வைப்பார்கள்.

"புதரை ஒட்டிக் குத்திப் பாரு," என்றாள்.

அங்கே கம்பி இறங்கியது. கிர்பி நிலை தடுமாறி ஒரு காலை முன்னே வைத்தான். பிடிவரைக்கும் உள்ளே போயிருந்தது. அவன் உருவி எடுத்து, ஒரு சாண் தள்ளிக் குத்தினான், அங்கும் இறங்கியது. மைலோ விதை வயல்களை அடையாளம் வைக்கும், கம்பியில் மாட்டிய சின்னக் கொடிகளை டிரக்கிலிருந்து எடுத்துவந்தான். மண் இளகிய இடத்தில் எல்லாம் ஒன்றை நட்டான். கொடிகள் காற்றில் படபடத்தன.

"ஏதாவது வளையா இருக்குமோ?" என்றான் கிர்பி. "பேட்ஜர் தோண்டியிருக்கும்."

"வளைன்னா சுத்தி வளைஞ்சு போகும். இது கிழக்கு மேற்கா நேர்கோட்டுல போகுது," என்றாள் ஆர்டித். தலை மேற்கே, கால் கிழக்கே, உயிர்த்தெழும் நாளில் எழுந்து கிழக்கைப் பார்க்க வேண்டும் என்று அப்படித்தான் வைப்பார்கள். அதை அவள் விளக்கவில்லை. அந்த மூவருக்கும் அது தெரியும்.

கிர்பி கால்மாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினான். கெட்டி. பக்கவாட்டில் குத்தினான். கெட்டி. அவன் நிமிர்ந்து கொடிகளைப் பார்த்தான். மைலோ இரண்டு கையையும் விரித்து, கொடிகளின் நீளத்துக்கு வைத்துப் பார்த்தான். கை முழுதாக விரியவில்லை.

"இது சின்னதா இருக்கே," என்றான் கிர்பி.

ஆர்டித் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியால் என்று மைலோ நினைத்து அருகில் வந்தான். அவள் கையசைத்து அவனை நிறுத்தினாள். 1870இல் அயோவாவில் ஒரு வயது. 1873 இலையுதிர் காலத்தில், வண்டி வந்து சேர்ந்தபோது, நான்கு வயது. அந்தக் குழந்தையின் வயது பிறகு எந்தக் கணக்கிலும் வளரவே இல்லை. 1874 மார்ச்சில், நெப்ராஸ்காவில், வேறொரு குழந்தை பிறந்திருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறைகூடத் தவறாக எழுதவில்லை.

செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். வயதும் பிறந்த இடமும் பொருந்தவில்லை என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பாடம் அது. அடுத்தவர் குடும்பங்களில் எத்தனையோ முறை கண்டுபிடித்துக் கொடுத்தும் இருக்கிறாள். தன் குடும்பத்தில் மட்டும் அது கண்ணில் படவில்லை. குளிர்பெட்டிக்கு மேலே தொங்கிய நீல நாடா மறைத்துக்கொண்டிருந்தது.

பெர்மீலியா இந்த மேட்டில் நிற்கும்போது வயிற்றில் நான்கு மாதமோ ஐந்து மாதமோ இருந்திருக்கும் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் பட்டது. புதரை நட்டது அவளாகத்தான் இருக்கும். இண்டியானாவிலிருந்தோ அயோவாவிலிருந்தோ வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருப்பாள், வீட்டு வாசலில் நடுவதற்காக.

அவள் மெதுவாக, ஒவ்வொன்றாக, மற்ற இருவருக்கும் சொன்னாள். மைலோ கேட்டுக்கொண்டே வளைந்த கம்பிகளை நிமிர்த்திச் சட்டைப்பைக்குள் செருக முயன்றான். அவை உள்ளே போகவில்லை. கிர்பிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"அப்ப நம்ம கொள்ளுத்தாத்தா வண்டியில வரல."

"வண்டி வந்து நாலஞ்சு மாசம் கழிச்சுப் பொறந்திருக்காரு. இங்கயே."

"வருஷா வருஷம் நாடா குத்திக்கிட்டாரே."

"அவருக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருப்பாங்க, கிர்பி. ஆசா வண்டியில வந்தான்னு. அவரு பேரு ஆசாதானே."

காற்று ஒரு கொடியைச் சாய்த்தது. மைலோ போய் அதை நிமிர்த்தி நட்டான். கிர்பி கம்பியின் பிடியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். தெற்கே, வயலின் நடுவில், பிவட்டுக்கான சிமெண்டுத் தளம் ஏற்கனவே போடப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

"சரி, நீ சொல்லு," என்றான். "இப்ப உன் வார்த்தை என்ன?"

அவளிடம் இருந்தது என்ன? இளகிய மண், ஒரு புதர், பொருந்தாத இரண்டு வயது. இறப்பைக் குறித்த காகிதம் இல்லை, பலகை எரிந்துவிட்டது, பார்த்தவர்கள் யாரும் இல்லை. எடைமேடையில் என்றால் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பாள். அவள் கொடிகளை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இங்க ஒரு புள்ள இருக்கான்," என்றாள். "பேரு ஆசா. இதுக்கு எங்கிட்ட காகிதம் கிடையாது."

"காகிதம் கேட்டேனா நான்?" என்று சொல்லிவிட்டுக் கிர்பி கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு டிரக்கை நோக்கி நடந்தான்.

அந்தக் கோடையில் குழாய் மேட்டுக்கு முன்னால் வந்து நின்று, யோசிப்பதுபோலக் கொஞ்சம் தாமதித்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. திரும்பிய இடத்துக்கு அப்பால் ஒரு துண்டு வயல் வெளிறிக் கிடந்தது. ரோட்டில் போகிற பண்ணைக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு, கிர்பியை உணவகத்தில் பிடித்துக் கிண்டல் செய்தார்கள். எங்க பெரிய தாத்தா ஒருத்தர் அங்க இருக்கார், வயசு நாலு என்று அவன் பதில் சொன்னானாம்.

குழாய் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, அந்த மே மாதக் கடைசியில் ஆர்டித் பூ வைக்கப் போனபோது அங்கே ஏற்கனவே ஒரு டின் இருந்தது. வெள்ளித்தாள் கோணலாகச் சுற்றியிருந்தது; ஆண்பிள்ளை சுற்றியது என்று பார்த்தாலே தெரிந்தது. கொடிகள் வெயிலில் நிறம் மங்கத் தொடங்கியிருந்தன, யாரும் பிடுங்கவில்லை. திரும்பும் வழியில் கிர்பியின் வீட்டில் காப்பி குடித்தாள். நாடா பழைய இடத்திலேயே தொங்கியது. அதைக் கழற்றிவிடுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள், கேட்டும்விட்டாள்.

"எதுக்குக் கழட்டணும்?" என்றான் கிர்பி, பாலை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டே. "வண்டியில வந்தவனோட பேருதானே எழுதியிருக்கு."

வீட்டுக்கு வந்து அவள் வமிசாவளித் தாளை விரித்தாள். பெர்மீலியாவின் வரியில் இருந்த பென்சிலை அழித்துவிட்டு, ஓரிகன் என்று பேனாவால் எழுதினாள். ஹார்லனுக்கும் ஆசாவுக்கும் நடுவில் இடம் போதவில்லை. எழுத்தைப் பொடியாக்கி இன்னொரு ஆசாவை நுழைத்தாள். அது பென்சிலில்தான். சங்கத்தின் அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தாளைக் காட்டியபோது, காப்பிக்காக வருகிற மூவரில் ஒருவர் அந்த வரியைத் தொட்டு, இது உறுதிதானா என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் ஆர்டித். "ஆனா அவன் அங்கதான் இருக்கான்."